ஏறிய பிறகு கேட்ட சம்மதம்

நான் ஓய்வு பெற்று வீட்டுக்கு வந்த பிறகும் என்னை உங்கள் வாட்ஸ்அப் குழுவிலிருந்து நீக்க யாருக்கும் மனம் வரவில்லையா, இல்லை மறந்துதான் போனீர்களா, தெரியவில்லை. நானும் விலகவில்லை. பொன்னேரியில் வீட்டில் உட்கார்ந்து காய் நறுக்கிக்கொண்டே நீங்கள் எந்த ஊருக்குப் போகிறீர்கள், தடுப்பூசி எவ்வளவு மிச்சம், யார் படகில் குடையை மறந்துவிட்டு வந்தீர்கள் என்று எல்லாவற்றையும் படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். வேலை போனாலும் வேவு பார்க்கிற புத்தி போகவில்லை.

இன்று காலை உங்கள் புது டாக்டரம்மா ஒரு செய்தி போட்டிருந்தார். பழவேற்காடு ஏரிக்கு நடுவில் இருக்கிற தீவுக் கிராமத்தில் நாளைக்கு மருத்துவ முகாம். மழை விட்டிருக்கிறது. முகத்துவாரத்தின் பக்கமாக நேராகக் குறுக்கே போய்விட்டால் சீக்கிரம் முகாமை ஆரம்பித்துவிடலாம். எல்லாருக்கும் சம்மதமா என்று கேட்டிருந்தார். கீழே வரிசையாகக் கட்டை விரல்கள். ஒரு பிள்ளை இரண்டு கட்டை விரலைப் போட்டிருந்தது. “ஒருமனதாக முடிவாகிவிட்டது, நன்றி” என்று டாக்டரம்மா கைகூப்பி முடித்திருந்தார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கத்தியைக் கீழே வைத்துவிட்டேன். உங்களில் யாரும் ஒரு தப்பும் செய்யவில்லை. கேட்டிருக்கிறார், பதில் சொல்லியிருக்கிறீர்கள். நாங்களும் இப்படித்தான் கேட்டோம், இப்படித்தான் பதில் சொன்னோம், இதே கிராமம், இதே வழி. அதனால்தான் இதை எழுதுகிறேன். நீளமாக இருக்கிறதே என்று பாதியில் தள்ளிவிட்டுப் போகாதீர்கள். நாளைக்குக் கிளம்புவதற்குள் படித்துவிடுங்கள்.

முதலில் எங்கள் குழுவைச் சொல்லிவிடுகிறேன். அப்போது நாங்கள் நாலு பேர்தான். டாக்டர், மருந்தாளுநர் மோகன், செவிலியாக நான், படகோட்டி தேசப்பன். மோகனும் நானும் பொன்னேரி. டாக்டர் சென்னையிலிருந்து வந்து பொன்னேரியில் வீடெடுத்துத் தங்கியவர். தேசப்பன் மட்டும்தான் ஏரிக்கரைக்காரர். மீன் பிடிக்கிற குடும்பத்தில் பிறந்து, வலையை அண்ணன் தம்பிகளிடம் விட்டுவிட்டு எங்கள் மருத்துவப் படகை ஓட்ட வந்தவர்.

டாக்டரின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் இப்போதும் போன் போட்டுச் சண்டைக்கு வருவார். அவ்வளவு கூச்சம். இதற்கு முன்னால் அவர் வேலை பார்த்த இடத்தில் மேலதிகாரி ஒருவர் இருந்தாராம். அவர் வாயைத் திறந்தால் மற்றவர்கள் மூட வேண்டும். அங்கே பட்டது போதும் என்று இங்கே வந்த முதல் நாளே எங்களை உட்காரவைத்துச் சொன்னார்: “என் ஒருத்தன் பேச்சக் கேட்டு இந்தப் படகு கெளம்பக் கூடாது. நாலு பேருக்கும் சம்மதம்னாதான் கயித்த அவுக்கணும். ஒருத்தர் வேணாம்னாலும் நின்னுடணும். அந்த ஒருத்தர் யாரா இருந்தாலும் சரி.”

கேட்டபோது எனக்குச் சிலிர்த்தது, பொய் சொல்லவில்லை. அதுவரை என் கருத்தை ஒரு டாக்டர் கேட்டதே கிடையாது. ஊசி எங்கே, பஞ்சு எங்கே என்றுதான் கேட்பார்கள். மற்ற இடங்களில் வேலை பார்க்கிற செவிலியர்களிடம் நான் இதைச் சொல்லிச் சொல்லிப் பெருமையடித்துக்கொண்டேன்.

ஆனால் நாலு பேரும் கூடிப் பேச நேரம் எங்கே? காலையில் ஆளுக்கொரு பக்கமிருந்து படகுத்துறைக்கு ஓடி வருவோம். கரையில் கொஞ்சம் நின்றாலும் யாராவது வந்து, “டாக்டரே, இந்த முட்டிய மட்டும் பாத்துட்டுப் போங்க” என்று பிடித்துக்கொள்வார்கள். மோட்டார் ஓட ஆரம்பித்துவிட்டால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அதனால் பெட்டிகளை ஏற்றி, நாங்களும் ஏறி உட்கார்ந்த பிறகு, மோட்டாரைப் போடுவதற்கு முன்னால் படகிலேயே பேசி முடித்துவிடுவது என்று ஆகிப்போனது. எந்த ஊருக்கு முதலில் போவது, எந்த வழியாகப் போவது, எப்போது திரும்புவது, எல்லாம் அங்கேதான். டாக்டர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக் கேட்பார். கடைசியாக மோட்டாரின் பக்கம் திரும்பி, “நீ என்ன சொல்ற தேசப்பா?” என்பார்.

“சரிங்க டாக்டரே.”

எப்போது கேட்டாலும் இதுதான். இத்தனைக்கும் கரையில் தேசப்பன் அப்படிப்பட்ட ஆளே இல்லை. கிரிக்கெட், தேர்தல், பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பார்த்த மாப்பிள்ளை, எதை எடுத்தாலும் நம்மோடு மல்லுக்கு நிற்பார். நான் போட்ட ஊசியே சரியில்லை என்று என்னிடமே வாதாடியவர். படகில் ஏறினால் அத்தனையும் அடங்கிவிடும். “கரையில வக்கீலு, படகுல மௌனசாமி” என்று மோகன் கிண்டல் செய்வான்.

தேசப்பனுக்கு இன்னொரு பட்டப் பெயரும் உண்டு, டீ தேசப்பன். எல்லாரும் ஏறி உட்கார்ந்து, முடிவெல்லாம் ஆகி, கயிற்றை அவிழ்க்கப் போகும்போது சில நாட்களில் தலையைச் சொறிந்துகொண்டு, “டாக்டரே, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?” என்பார். சில நாள் நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே இறங்கிப் போய்க் குடிப்போம். சில நாள், “இப்பத்தானே குடிச்ச, வயிறா பீப்பாயா?” என்று நானே விரட்டியிருக்கிறேன்.

இப்போது அந்த நாளுக்கு வருகிறேன். அந்த வருஷம் நல்ல மழை. ஆற்று வெள்ளமெல்லாம் வந்து ஏரி நிரம்பியிருந்தது. முகத்துவாரத்தை மூடியிருந்த மணல் மேடு உடைந்து, ஏரியும் கடலும் சேர்கிற வாய் அகலமாகத் திறந்து கிடந்தது. அன்றைக்கு மழை விட்டு வெயில் அடித்ததால் நாங்கள் தீவுக் கிராமத்துக்கு முகாமுக்குப் போயிருந்தோம். போகும்போது கரையோரமாகவே சுற்றிப் போனோம், வழியில் இன்னொரு ஊரில் மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது.

முகாம் முடிகிற நேரத்தில் ரவி என்ற பையன் ஓடி வந்தான். மீன் பிடிக்கிறவன், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருக்கும். அவன் மனைவி குமாரிக்கு வலி கண்டுவிட்டது. தலைப்பிரசவம். போய்ப் பார்த்தால் முகமும் காலும் வீங்கியிருந்தது, இரத்த அழுத்தம் எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. இந்த நிலையில் வலிப்பு வந்துவிட்டால் தாயும் போய்விடும், பிள்ளையும் போய்விடும். அங்கே வைத்துப் பார்க்க எங்களிடம் ஒன்றும் கிடையாது. உடனே பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆம்புலன்ஸைப் பழவேற்காடு படகுத்துறைக்கு வரச் சொல்லிவிட்டு, குமாரியைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கி வந்து படகில் ஏற்றினோம். ரவியும் ஏறினான். எல்லாரும் உட்கார்ந்தோம்.

அந்த அவசரத்திலும் டாக்டர் தன் வழக்கத்தை விடவில்லை. “கரையோரமா சுத்திப் போனா நேரம் ஆகும், சேத்துல வேற மாட்டும். முகத்துவாரத்துப் பக்கமா குறுக்கே போனா சீக்கிரம் போயிடலாம். என்ன சொல்றீங்க?”

“குறுக்கேதான் சார். இதுல யோசிக்க என்ன இருக்கு?” என்றான் மோகன். நானும் குமாரியின் நாடியைப் பிடித்தபடி குறுக்கே போகலாம் என்றேன்.

“தேசப்பா?”

“சரிங்க டாக்டரே.” கயிற்றில் கை வைத்தவர் அவிழ்க்காமல் நின்றார். “ஒரு நிமிசம் எறங்கி, ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமா?”

மோகனுக்கு வந்ததே கோபம். “அவ உயிர் போற வலியில துடிக்கிறா, உனக்கு டீ கேக்குதா? மனுசனாய்யா நீ?”

எனக்கும் பற்றிக்கொண்டுதான் வந்தது. ரவி பாதி எழுந்தவன், மோகன் போட்ட சத்தத்தில் திரும்ப உட்கார்ந்தான். தேசப்பன் கயிற்றை அவிழ்த்தார்.

பாதித் தூரம் வரை ஏரி பாய் விரித்த மாதிரி கிடந்தது. நடுவில் ஒருமுறை தேசப்பன் படகை மேற்கே, கரைப் பக்கமாகக் கொஞ்சம் ஒடித்தார். “நேரா, நேரா” என்று டாக்டர் கையைக் காட்டினார். தேசப்பன் நேராக்கினார். கொஞ்ச தூரம் போனதும் எதிரே கரையில் இருந்த சவுக்கு மரங்கள் கிட்டே வருவதற்குப் பதிலாகப் பக்கவாட்டில் ஓட ஆரம்பித்தன. எனக்கு முதலில் புரியவில்லை. மோட்டார் முழு வேகத்தில் கத்திக்கொண்டிருக்கிறது, நாங்களோ கடலைப் பார்த்து நகர்ந்துகொண்டிருக்கிறோம். ஏரித் தண்ணீர் மொத்தமும் அந்தத் திறந்த வாய் வழியாகக் கடலுக்கு ஓடிக்கொண்டிருந்தது, நாங்கள் அதற்கு நடுவில் இருந்தோம்.

அப்போது மிதந்து வந்த கிழிந்த வலை ஒன்று மோட்டாரின் விசிறியில் சுற்றிக்கொண்டது. மோட்டார் நின்றுவிட்டது. அது நின்ற பிறகுதான் கடல் இரைகிற சத்தம் எங்களுக்குக் கேட்டது. அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

தேசப்பன் நங்கூரத்தைத் தூக்கிப் போட்டார். அது மணலை உழுதுகொண்டே வந்து, எங்கேயோ மாட்டி, படகை ஒரு உலுக்கு உலுக்கி நிறுத்தியது. மோகன் குப்புற விழுந்தான். பக்கவாட்டில் அலை அடித்துத் தண்ணீர் உள்ளே கொட்டியது. மருந்துப் பெட்டிகள் மிதக்க ஆரம்பித்தன. நான் குமாரியின் மேல் கவிழ்ந்து படுத்துக்கொண்டேன். டாக்டர் ஒரு சின்ன டப்பாவால் தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தார். ரவி துண்டை உருவி, தலைக்கு மேல் சுழற்றினான்.

மணல் மேட்டில் வலை காயவைத்துக்கொண்டிருந்தவர்கள் அதைப் பார்த்தார்கள். இரண்டு படகு வந்தது. பெரிய மோட்டார் வைத்த படகுகள், எதிர்த்து நிற்கும். அந்த ஆட்டத்தில் ஒரு படகிலிருந்து இன்னொரு படகுக்கு ஒரு நிறைமாதப் பெண்ணைக் கை மாற்றினோம். கடைசியாக மோகனை இழுத்துப் போட்டதும் நங்கூரக் கயிறு அறுந்தது. எங்கள் படகு பெட்டிகளோடு அலைக்குள் போய், எங்கள் கண்ணெதிரே ஒருமுறை எழும்பிக் கவிழ்ந்தது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அதற்குள் ஆறு பேர்.

குமாரிக்கு அன்று சாயங்காலம் பொன்னேரி ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்து பெண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் பிழைத்தார்கள். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மிச்சத்தை நீங்கள் ஒழுங்காகப் படிக்க மாட்டீர்கள். நான் சொல்ல வந்தது படகு கவிழ்ந்த கதையை இல்லை. என்னை உலுக்கிப் போட்டது அதற்கு அப்புறம் நடந்தது.

குழந்தை பிறந்த செய்தி வந்ததும் டாக்டர், மோகன், தேசப்பன், ரவி, நான் ஐந்து பேரும் ஆஸ்பத்திரிக்கு எதிரில் இருக்கிற டீக்கடைக்குப் போனோம். துணியெல்லாம் இன்னும் ஈரம். பெஞ்சில் உட்கார்ந்தோம். டீ வந்தது. டாக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.

“தேசப்பா, தண்ணி அப்படி இழுக்கும்னு உனக்குத் தெரியுமா?”

“தெரியும் டாக்டரே.”

“எப்போ தெரியும்?”

“காலீல போவும்போதே தெரியும். மழ பேஞ்சி ஏரி ரொம்பிக்கினு கீது. கடல் வத்தற நேரத்துல அம்மாந் தண்ணியும் மொகத்துவாரம் வழியாத்தான் வெளிய போவணும். அந்தப் பக்கம் போனா இஸ்துக்கினு பூடும்.”

டாக்டரின் கையிலிருந்த டம்ளர் அப்படியே நின்றது. “பின்ன ஏன்யா சொல்லல?” என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே இல்லை. டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். “நான் கேட்டேன் இல்ல? உன் மூஞ்சியப் பாத்துக் கேட்டேன் இல்ல?”

“கேட்டீங்க டாக்டரே. ஏறனப்புறம் கேட்டீங்க.”

எங்களுக்குப் புரியவில்லை. தேசப்பனுக்கோ எங்களுக்குப் புரியாததுதான் ஆச்சரியம். எங்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தார். “படகுல கால வெச்சப்புறம் வோணாம்னு சொல்லக் கூடாது. அது தடச் சொல்லு. கெளம்பனவன எங்க போறன்னுகூட நாங்க கேக்க மாட்டோம். சின்ன வயசுல ஒரு தபா அலையப் பாத்து பயந்து, வோணாம் நைனான்னு சொல்லிட்டேன். எங்க நைனா படகுலயே வெச்சி அறைஞ்சிச்சி. இத்தப் போயி யாரு தனியா சொல்லுவாங்க? உங்களுக்குத் தெரியும்னு இல்ல நெனச்சிக்கினேன்?”

“உயிருக்கு ஆபத்துன்னாகூடவா?” என்றேன்.

“இன்னா சிஸ்டர் இப்படிக் கேக்குற? ஆபத்துன்னாதான் சொல்லவே கூடாது. படகுல குந்திக்கினு வாயால சொன்னா அது நடந்துடும்.”

மோகன் சும்மா இருக்காமல், “நீயா கரையோரமா திருப்பியிருக்கலாமே” என்றான்.

“திருப்பனேனே. நேரா போன்னாரு.” தேசப்பனுக்கும் இப்போது கோபம் வந்துவிட்டது. கரையில் அல்லவா இருக்கிறார், வக்கீல் வெளியே வந்துவிட்டார். “நான் கேக்கறேன், எங்க ஊர்ல கூட்டம் எங்க நடக்குது? யாரு எந்த எடத்துல வல போடறதுன்னு எங்க பேசறோம்? கோயிலாண்ட மணல்ல. நாள் பூராக் கத்துவோம், சட்டையப் புடிப்போம், ஒரு பேச்சுக்கு வர்ற வரிக்கும் எழுந்திருக்க மாட்டோம். யாருனா படகுல குந்திக்கினு கூட்டம் போடுவாங்களா? நீங்கதான் போட்டீங்க. நான் இன்னா பண்ண முடியும்? அதான் டீ குடிக்கலாமான்னு கேட்டேன். எறங்குவீங்க, மணல்ல நிப்பீங்க, சொல்லிடலாம்னு.”

அந்த வார்த்தையைக் கேட்டதும் எத்தனையோ பழைய காலைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திரும்பி வந்தன. சுண்ணாம்புக்குளம் போக வேண்டிய நாளில் டீக்கு இறங்கினோம், கடையில் என்னென்னவோ பேச்சு வந்தது, எப்படியோ ஆரம்பாக்கத்துக்கு வேனில் போய்விட்டோம். அன்றைக்கு ஏரியில் பேய்க்காற்று. நல்லவேளை, யோசனை மாறியது என்று டாக்டர் சொன்னார். இன்னொரு நாள் டீ வேண்டாம் என்று விரட்டிவிட்டுப் போய்ச் சேற்றில் மாட்டி, பொழுது சாயும் வரை வெயிலில் காய்ந்தோம். அப்போதும் தேசப்பனைத்தான் திட்டினோம். அந்த மனிதர் டீயே அதிகம் குடிக்காதவர் என்பதைக்கூட நாங்கள் கவனிக்கவில்லை. அன்றைக்கும் எதிரே வைத்த டம்ளர் தொடாமலே ஆறிக்கொண்டிருந்தது.

அதுவரை தலையைக் குனிந்திருந்த ரவி அப்போதுதான் வாயைத் திறந்தான். “எனக்கும் தெரியும் டாக்டரே.”

எல்லாரும் அவனைப் பார்த்தோம்.

“மாமா டீன்னதும் நானும் எறங்கலாம்னுதான் எழுந்தேன். இவுரு சத்தம் போட்டாரு, குந்திட்டேன். பொண்டாட்டியும் புள்ளையும் படகுல கீறாங்க. நான் பாட்டுக்கு வோணாம்னு சொல்லி, அது அவங்க தலையில வுடிஞ்சிதுன்னா? சாமியக் கும்புட்டுக்கினே வந்தேன்.”

மோகன் எழுந்து கடைக்கு வெளியே போய் நின்றுகொண்டான். கட்டிய மனைவியும் பிறக்கப் போகிற குழந்தையும் எங்கே போகிறார்கள் என்று தெரிந்தே அந்தப் பையன் கைகட்டி உட்கார்ந்திருக்கிறான். அன்பில்லாததால் அல்ல. அன்பு இருந்ததால்தான் வாயைத் திறக்கவில்லை. இதை எங்கே போய்ச் சொல்வது?

மறுநாள் வார்டில் குமாரியைப் பார்க்கப் போனேன். குழந்தை மார்பில் தூங்கிக்கொண்டிருந்தது. பேச்சுவாக்கில் நான்தான் கேட்டேன், பயந்துவிட்டாயா என்று. அவள் சிரித்தாள்.

“கெளம்பறதுக்கு முன்னாடியே பயம்தான் சிஸ்டர். அந்த வழி ஆவாதுன்னு எனக்கும்தான் தெரியுமே.”

“உனக்குமா?”

“அந்த ஊர்ல பொறந்தவ நானு. நீங்க மூணு பேரும் பேசிக்கினு இருந்தீங்க இல்ல, அப்பவே நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கிச்சி. வலியில கத்தக்கூட இல்லியே நானு, பாத்தியா? கத்தறதுக்கு வாயத் தொறந்தா வோணாம்னு வந்துடுமோன்னு பல்லக் கடிச்சிக்கினு கெடந்தேன்.”

நான் அவள் நாடியைப் பிடித்துக்கொண்டுதான் படகில் உட்கார்ந்திருந்தேன். நல்ல தைரியசாலிப் பெண், சத்தமே போடவில்லை என்று நினைத்துக்கொண்டேன். வராந்தாவுக்கு வந்து சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

ஆறு பேர் இருந்த படகு. மூன்று பேருக்குத் தெரியும், மூன்று பேருக்குத் தெரியாது. தெரியாத மூன்று பேரும் சேர்ந்து ஒருமனதாக முடிவெடுத்தோம். வாக்குவாதம் இல்லை, முகச்சுளிப்பு இல்லை. அவ்வளவு சுமுகமாக எங்கள் குழுவில் எந்த முடிவும் எடுத்ததில்லை என்றே சொல்லலாம். டாக்டர் பிறகு என்னிடம் சொன்னது ஒன்றுதான். “நாலு பேர் சம்மதம், நாலு பேர் சம்மதம்னு சொல்லிக்கிட்டே இருந்தேன் சிஸ்டர். ஒரு நாள்கூட நாலு இல்லையே.”

அவர் மேல் எனக்கு இருந்த மரியாதை அதற்குப் பிறகு இன்னும் கூடியது. ஏன் தெரியுமா? முதலில் அவரும் தேசப்பனை மாற்றப் பார்த்தார். “மூடநம்பிக்கைய விடுப்பா, இனிமே படகுல என்கிட்ட மட்டும் காதுல சொல்லு” என்று கெஞ்சினார். தேசப்பன் தலையை ஆட்டினாரே தவிர, சொல்கிறேன் என்று வாக்குக் கொடுக்கவில்லை. சொல்லவும் மாட்டார். நாலு நாள் பார்த்துவிட்டு டாக்டர் ஆளை மாற்றுகிற யோசனையை விட்டார், கூட்டம் போடுகிற இடத்தை மாற்றினார். புதுப் படகு வந்த நாளிலிருந்து பேச்செல்லாம் மணலில். யார் காலும் படகில் இருக்கக் கூடாது. முட்டி வலிக்காரர்கள் வந்து பிடித்துக்கொண்டால் பிடித்துக்கொள்ளட்டும், அவர்களும் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். முன்பெல்லாம் கடைசியில் கேட்ட தேசப்பனை முதலில் கேட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் இனிதே நடந்தது என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். மணலில் நின்ற தேசப்பன் எங்களைப் பாடாய்ப் படுத்தினார். அங்கே வேண்டாம், இன்றைக்கு வேண்டாம், அந்த மேகம் சரியில்லை. ஒருநாள் அவர் பேச்சைக் கேட்டு முகாமையே தள்ளிப்போட்டோம். அன்று பூராவும் ஏரி கண்ணாடி மாதிரி கிடந்தது. நான் முறைத்தேன். “தப்பிச்சீங்க இல்ல, அப்புறம் இன்னா சிஸ்டர்?” என்று வெட்கமே இல்லாமல் சிரித்தார். அதனால் தேசப்பன் சொன்னதெல்லாம் சரி என்று நான் எழுத வரவில்லை. பாதி நாள் நாங்கள் அவரை மடக்கி, பேசிப் பேசிச் சம்மதிக்க வைத்துத்தான் கிளம்பினோம். சண்டை போட்டுச் சம்மதித்தார். முன்பெல்லாம் “சரிங்க டாக்டரே” என்று நாங்கள் கேட்டது சம்மதம்தானா என்று எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

மோகன் அதற்குப் பிறகு படகில் ஏறவே இல்லை. பொன்னேரியில் மருந்துக்கடை வைத்திருக்கிறான். டாக்டர் மாற்றலாகிப் போனார். நான் ஓய்வு பெற்றேன். தேசப்பன் மட்டும்தான் இன்றும் உங்கள் படகை ஓட்டுகிறார். மணலில் நிற்கிற பழக்கம் எங்களோடு போய்விட்டது போலிருக்கிறது. நீங்கள் வேகமான பிள்ளைகள். கரையில் கூடிப் பேசுவதற்குப் பதில் கைப்பேசியிலேயே பேசிவிடுகிறீர்கள்.

காலையில் அந்தக் கட்டை விரல்களை எண்ணிப் பார்த்தேன். உங்கள் எல்லாருடையதும் இருந்தது. தேசப்பனுடையது இல்லை. அவர் பெயரைத் தேடினேன். அவர் அந்தக் குழுவிலேயே இல்லை. அவரிடம் இருப்பது பழைய பட்டன் போன். பகீரென்றது. உடனே அவருக்குப் போன் போட்டேன்.

“சொல்லு சிஸ்டர், நல்லாக்கிறியா?”

“எங்க இருக்க?”

“படகுலதான். தண்ணி எறைச்சிக்கினு கீறேன். நாளைக்கித் தீவுக்குப் போறோமில்ல.” டப்பாவால் தண்ணீர் அள்ளிக் கொட்டுகிற சத்தம் கேட்டது. “அல்லாரும் பேசிட்டாங்களாம். நேரா குறுக்க போறதாம். வேன் டிரைவரு சொல்லிச்சி.”

“நீ என்ன சொல்ற தேசப்பா?”

தண்ணீர் இறைக்கிற சத்தம் நின்றது. அப்புறம் மெதுவாகக் கேட்டார்:

“சிஸ்டர், இந்தப் புள்ளைங்கோ யாரும் டீ குடிக்க மாட்டாங்களா?”